சிறிய முதலும் முதல் சொத்தும்

சிறிய வீடொன்றின் விலையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கையில் சேமிப்பாக இருப்பதாகவும், மாத வருமானம் தடையின்றி வருவதாகவும், மீதியைக் கடனாகப் பெற்று ஒரு வீட்டை வாங்கி வாடகைக்கு விடலாமா அல்லது வேறு வழியில் தொடங்குவது நல்லதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தொடங்கலாம். ஆனால் இருக்கும் சேமிப்பு முழுவதையும் முன்பணமாகக் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு ஒரு சொத்துக்கு உரிமையாளராக நிற்கும் வழியை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். குறைந்த முதலோடு இந்தத் துறையில் இறங்கி இழந்தவர்களில் பெரும்பாலோர் மோசமான சொத்தை வாங்கியதால் இழக்கவில்லை. சுமாரான சொத்தை வாங்கி, அதைத் தாங்கி நிற்கக் கையில் பணமில்லாமல், விற்கக் கூடாத நேரத்தில் விற்க நேர்ந்ததால்தான் இழந்தார்கள். ஆகவே 'எதை வாங்குவது' என்ற கேள்விக்கு முன்பு 'எவ்வளவு காலம் என்னால் தாங்க முடியும்' என்ற கேள்விக்கு விடை காண வேண்டும்.

இதைக் கணக்காகவே பார்ப்போம். நாணயம் எதுவாகவும் இருக்கட்டும். வீட்டின் விலை 100 என்று வைத்துக்கொள்வோம். வங்கி 80 தருகிறது. உங்களிடம் 20 இருக்கிறது. கணக்கு சரியாகிவிட்டது போலத் தோன்றும். ஆனால் பத்திரப் பதிவுக் கட்டணம், அரசு வரி, வழக்கறிஞர் கட்டணம், தரகு, குடிபுகுமுன் செய்தே ஆக வேண்டிய பழுதுபார்ப்பு ஆகியவை விலைக்கு வெளியே இருப்பவை. நாட்டுக்கு நாடு இவை வேறுபடும் என்றாலும், 7 என்று கொள்வது மிகையாகாது. எனவே உங்களுக்குத் தேவை 20 அல்ல, 27. முதல் அடியிலேயே 7 குறைகிறது. இந்த 7-ஐத் தனிநபர் கடனிலோ கடன் அட்டையிலோ புரட்டிக்கொள்ளலாம் என்று சொல்பவர்கள் இருப்பார்கள். அந்த ஆலோசனையை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

இனி 80 கடனுக்கு வருவோம். ஆண்டு வட்டி 9 விழுக்காடு, தவணைக் காலம் 20 ஆண்டுகள் என்றால் மாதத் தவணை 0.72, ஆண்டுக்கு ஏறத்தாழ 8.64. வீட்டின் விலையில் 4 விழுக்காடு ஆண்டு வாடகையாகக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் சொத்து வரி, காப்பீடு, பராமரிப்பு, ஆள் இல்லாமல் பூட்டிக்கிடக்கும் நாட்கள் என்று கால் பங்கு போய்விடும் என்று மிகவும் தாராளமாகக் கணக்கிட்டால்கூட உங்கள் கைக்கு வருவது 3. ஆக, ஒவ்வோர் ஆண்டும் 5.64 உங்கள் சம்பளத்திலிருந்து போகும். ஐந்து ஆண்டுகளில் இது 28-ஐத் தாண்டும். அதாவது தொடக்கத்தில் போட்ட 27-க்கும் அதிகமான தொகையைத் தவணைக்காக மறுபடியும் போட்டிருப்பீர்கள். இதே ஐந்து ஆண்டுகளில் வங்கிக்கு மொத்தம் 43 கட்டியிருந்தாலும், தொடக்க ஆண்டுகளின் தவணையில் பெரும்பகுதி வட்டிக்கே போவதால், அசலில் 9 மட்டுமே குறைந்திருக்கும். 71 பாக்கி நிற்கும். அந்த நேரத்தில் வீட்டை விற்று, விற்பனைச் செலவாக 2 விழுக்காட்டைக் கழித்து, கடனை அடைத்து, போட்ட பணத்தை ஒரு காசு ஆதாயம் இல்லாமல் திரும்ப எடுப்பதற்கே விலை ஏறத்தாழ 129 ஆக உயர்ந்திருக்க வேண்டும். ஆண்டுக்கு 5 விழுக்காட்டுக்குச் சற்று மேலான விலை உயர்வு, முதலைக் காப்பாற்றிக்கொள்வதற்கு மட்டுமே செலவாகிவிடுகிறது. இடையில் வாடகை உயர்ந்தால் இந்தக் கணக்கு சற்று இளகும். வட்டி உயர்ந்தால் இறுகும்.

இந்தக் கணக்கை உங்களை மிரட்டுவதற்காகப் போடவில்லை. எந்தச் சொத்தைக் காட்டினாலும் பத்து நிமிடத்தில் நீங்களே போட்டுப் பார்க்கக்கூடிய சோதனை இது என்பதற்காகவே விரித்துச் சொல்கிறேன். சோதனையின் சாரம் எளிமையானது: ஓராண்டில் கட்டும் தவணை, வாங்கிய கடனில் எத்தனை விழுக்காடு என்று பாருங்கள், செலவு போக மிஞ்சும் வாடகை, சொத்தின் விலையில் எத்தனை விழுக்காடு என்று பாருங்கள். மேலே சொன்ன கடனில் தவணை விகிதம் 10.8 விழுக்காடு, நிகர வாடகையோ 3 விழுக்காடு. இந்த நிலையில் கடன் கூடக் கூட உங்கள் சம்பளம்தான் கரையும். அந்த வீடு தன் சொந்த வாடகையாலேயே சுமக்கக்கூடிய கடன் 28 மட்டுமே. மாறாக, வட்டி 5 விழுக்காடாகவும் மொத்த வாடகை 9 விழுக்காடாகவும் உள்ள ஒரு சந்தையில் இதே 80 கடனுக்கு ஆண்டுத் தவணை 6.34, நிகர வாடகை 6.75. அங்கே வீடு தன்னைத்தானே தாங்கிக்கொண்டு சிறிது மிச்சமும் தருகிறது. இரண்டு சந்தைகளிலும் ஒரே அறிவுரையைச் சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். வணிகக் கட்டடங்களுக்குக் கடன் தரும் வங்கிகள் வழக்கமாக, நிகர வருமானம் ஆண்டுத் தவணையைப் போல் 1.2 மடங்காவது இருக்கிறதா என்று பார்த்த பிறகே கடன் தருகின்றன. வீட்டுக் கடனில் அவை சொத்தின் வாடகையைவிட உங்கள் சம்பளத்தையே பெரிதாகப் பார்ப்பதால், அந்தச் சோதனையை உங்களுக்காக வேறு எவரும் செய்வதில்லை. நீங்கள்தான் செய்தாக வேண்டும்.

'விலை எப்படியும் ஏறிவிடும்' என்பது இந்தத் துறையின் மிகப் பழைய நம்பிக்கை. நீண்ட காலத்தில் அதில் உண்மை உண்டு. ஆனால் அந்த நீண்ட காலத்தைக் கடந்து செல்பவருக்கு மட்டுமே அது பயன்படும். அமெரிக்காவில் வீட்டு விலைகள் 2006-இல் உச்சத்தைத் தொட்டு, 2012 வாக்கில் தேசிய அளவில் சராசரியாக 27 விழுக்காடு வீழ்ந்தன. பழைய உச்சத்தை மறுபடி எட்ட 2016 வரை ஆயிற்று. விலையில் 20 விழுக்காட்டை மட்டும் முன்பணமாகப் போட்டவருக்கு 27 விழுக்காடு வீழ்ச்சி என்பது போட்டது முழுவதும் போய், அதற்கு மேலும் கடன்பட்ட நிலை. ஆயினும் வாடகை வந்துகொண்டிருந்து, தவணையைத் தவறாமல் கட்ட முடிந்தவர்கள் அந்தப் பத்தாண்டுகளைக் கடந்துவிட்டார்கள். வேலையும் கையிருப்பும் ஒருசேரப் போனவர்கள்தான் ஏலத்தில் வீட்டை இழந்தார்கள். ஜப்பானில் நடந்தது இன்னும் கடுமையானது. 1990-களின் தொடக்கத்தில் இறங்கத் தொடங்கிய நிலவிலை பத்தாண்டுகளுக்கும் மேலாக இறங்கிக்கொண்டே இருந்தது. அங்கே பொறுமை மட்டும் எவரையும் காப்பாற்றவில்லை, சொத்து ஈட்டிய வாடகைதான் காப்பாற்றியது. 1870 முதல் 2015 வரை வளர்ந்த நாடுகள் 16-இன் தரவுகளைத் திரட்டி ஆராய்ந்த பொருளியலாளர் ஐவரும், வீட்டுச் சொத்து நீண்ட காலத்தில் தந்த உண்மை ஆதாயத்தில், அதாவது விலைவாசி உயர்வைக் கழித்த ஆதாயத்தில், பெரும்பகுதி வாடகையிலிருந்து வந்ததே தவிர விலை உயர்விலிருந்து வந்ததன்று என்றே கண்டார்கள். விலை உயர்வைக் கிடைத்தால் கொள்ளும் உபரியாகவும், வாடகையைச் சொத்தின் உண்மையான விளைச்சலாகவும் கருதிப் பழகுவது சிறு முதலீட்டாளருக்கு மிகவும் அவசியம்.

எனவே வாங்குவதற்கு முன்பே கையிருப்பு என்று ஒரு தொகையை ஒதுக்கி, அதை முன்பணத்தோடு கலக்காமல் தனிக் கணக்கில் வையுங்கள். குறைந்தது ஆறு மாதத் தவணையும், ஆறு மாதப் பராமரிப்புச் செலவும், அதற்கு மேல் ஒரு பெரிய பழுதுக்கான தொகையும் அதில் இருக்க வேண்டும். ஒரு மாதம் வீடு பூட்டிக்கிடந்தாலே ஆண்டு வாடகையில் 8 விழுக்காட்டுக்கு மேல் போய்விடுகிறது. வாடகைதாரர் காலி செய்யும் அதே வாரத்தில்தான் வெள்ளையடிப்பும் குழாய் வேலையும் வந்து சேரும். மேற்சொன்ன கணக்கில் இந்தக் கையிருப்பு 6 அளவுக்கு வரும். ஆக, 100 விலையுள்ள சொத்துக்கு 20 இருந்தால் போதும் என்று நினைத்த இடத்தில் உண்மையில் 33 வேண்டியிருக்கிறது. உங்களிடம் இருக்கும் 20-க்குப் பொருத்தமான சொத்தின் விலை 100 அல்ல, 60. அந்த 60-க்குக் கிடைக்கும் சொத்து எதுவோ அதுவே உங்கள் சந்தை.

இனி வழிகளைப் பார்க்கலாம். சிறு முதலுக்கு மிகவும் பொருத்தமானதாக நான் கருதுவது, தாமும் குடியிருந்து ஒரு பகுதியை வாடகைக்கும் விடக்கூடிய வீடு: இரு தளங்கள் கொண்டது, தனி வாசலுள்ள பின்கட்டு கொண்டது, அல்லது ஓர் அறையைத் தனியாகப் பிரித்துவிட வசதியானது. இதில் நன்மைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்கின்றன. நீங்கள் இப்போது கட்டிவரும் வாடகை மிச்சமாகிறது. மறு பகுதியிலிருந்து வாடகை வருகிறது. குடியிருக்கும் வீட்டுக்கான கடனுக்கு வங்கிகள் பல நாடுகளில் குறைந்த முன்பணமும் குறைந்த வட்டியும் கேட்கின்றன. பழுது வந்தால் அன்றே கண்ணில் படுகிறது. வாடகைக்கு விடுவது என்ற தொழிலையே பக்கத்திலிருந்து கற்றுக்கொள்கிறீர்கள். ஒப்பந்தம் எழுதுவது, வைப்புத்தொகை வாங்குவது, வருபவரின் வேலையையும் பழைய வீட்டு உரிமையாளரையும் விசாரிப்பது, வாடகை தாமதமானால் தயங்காமல் கேட்பது ஆகியவை செய்து பார்த்துத்தான் கைவரும். வீட்டின் அந்தரங்கம் குறையும், குடும்பத்தினரின் இசைவு வேண்டும் என்பன இதன் விலை. சொந்தக் குடியிருப்பென்று சொல்லிக் கடன் பெற்றுவிட்டு முழுவதையும் வாடகைக்கு விடுவது மட்டும் கூடாது. அது கடன் ஒப்பந்தத்தை மீறுவதாகும்.

கூட்டாக வாங்குவது அடுத்த வழி. இருவர் அல்லது மூவர் சேர்ந்தால் முதல் சேரும் என்பது உண்மை. சண்டைக்கான காரணங்களும் சேர்ந்தே வரும். நட்பையோ உறவையோ நம்பி வாய்ப்பேச்சோடு விடாமல், வாங்குவதற்கு முன்பே எழுதிக்கொள்ள வேண்டியவை சில உண்டு. ஒருவர் விலக விரும்பினால் அவர் பங்கை யார், எந்த மதிப்பில், எத்தனை மாதங்களுக்குள் வாங்குவது? ஒருவரால் தவணைப் பங்கைக் கட்ட முடியாமல் போனால் மற்றவர் கட்டும் தொகை கடனா, பங்கில் கூடுதலா? ஒருவர் இறந்துவிட்டால் வாரிசுகள் பங்குதாரர்களாக உள்ளே வரலாமா? வாடகைதாரரைத் தேடுவது முதல் குழாய் பழுது பார்ப்பது வரை உழைப்பவருக்குத் தனி ஊதியம் உண்டா? கூட்டுக் கடனில் கையெழுத்திட்டவர் ஒவ்வொருவரிடமும் முழுக் கடனையும் கேட்க வங்கிக்குப் பெரும்பாலும் உரிமை இருக்கிறது என்பதையும் மனத்தில் வையுங்கள். பங்கு மூன்றில் ஒன்றாக இருக்கலாம்; பொறுப்பு அப்படியிராது. இந்தக் கேள்விகளைக் கேட்டாலே மனம் கோணும் ஒருவரோடு கூட்டுச் சேராதீர்கள்.

வீடே வாங்காமல் தொடங்க விரும்பினால் 'ரீட்' எனப்படும் சொத்து முதலீட்டு அறக்கட்டளைகள் இருக்கின்றன. அலுவலகக் கட்டடங்கள், கிடங்குகள், வணிக வளாகங்கள், அடுக்குமாடிக் குடியிருப்புகள் போன்றவற்றைப் பல முதலீட்டாளர்களின் பணத்தால் வாங்கி, வரும் வாடகையைப் பகிர்ந்தளிக்கும் அமைப்பு இது. அமெரிக்காவில் 1960-இல் சட்டமாகி, பின்னர் பல நாடுகளுக்குப் பரவியது. அமெரிக்கச் சட்டப்படி வரிக்குரிய வருமானத்தில் குறைந்தது 90 விழுக்காட்டைப் பங்கீடாக வழங்க வேண்டும். இதையொத்த விதி வேறு பல நாடுகளிலும் உண்டு. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டிருந்தால் சிறு தொகைக்கும் வாங்கலாம், தேவைப்பட்ட நாளில் விற்கலாம். பங்குகளைப் போலவே இவையும் வீழும். 2008-ஆம் ஆண்டில் அமெரிக்க ரீட்டுகள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் மதிப்பிழந்தன. ஆனால் இங்கே நீங்கள் கடன் வாங்காமல் இருப்பதால், எவரும் உங்களை விற்கச் சொல்லி நெருக்கப்போவதில்லை. பட்டியலிடப்படாத சொத்து நிதியங்களின் நிலை வேறு. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறும் வாக்கெடுப்புக்குப் பிறகு 2016 ஜூலையில் பிரிட்டனின் பெரிய சொத்து நிதியங்கள் பல, முதலீட்டாளர்கள் பணத்தைத் திரும்ப எடுப்பதையே சில காலம் நிறுத்திவைத்தன. கட்டடத்தை ஒரே நாளில் விற்க முடியாது. ஆகையால் எந்த நாளிலும் பணத்தைத் திருப்பித் தருவதாக நிதியம் சொல்லும் வாக்கு, எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்கும்போது நிற்பதில்லை. ஒரு கட்டடத்தைத் துண்டு துண்டாகப் பலருக்கு விற்கும் இணையத் தளங்களுக்கும் இது பொருந்தும்: சட்டப்படி உரிமை யார் பெயரில் இருக்கிறது, உங்கள் பங்கை யாரிடம் விற்க முடியும் என்ற இரண்டுக்கும் தெளிவான எழுத்துபூர்வ விடை இல்லாமல் பணம் போடாதீர்கள்.

வாகன நிறுத்தம், சிறு கிடங்கு போன்றவை விலை குறைவானவை, பராமரிப்பும் குறைவு. கடன் கிடைப்பது மட்டும் கடினம். நகருக்கு வெளியே விலை மலிவாகக் கிடைக்கும் காலி மனையைப் பற்றி என் கருத்து கடுமையானது. அது வாடகை தராது, வரி கேட்கும், எல்லை காக்க வேண்டும், விற்க நினைக்கும்போது வாங்குபவர் கிடைப்பது அரிது. சிறு முதல் முழுவதையும் அதில் முடக்குவது சரியன்று. ஏலத்தில் மலிவாக வரும் வீடுகளும் முதல் முறை வாங்குபவருக்கு ஏற்றவை அல்ல. முழுத் தொகையைக் குறுகிய கெடுவுக்குள் கட்ட வேண்டும், உள்ளே பார்க்கும் வாய்ப்பு பெரும்பாலும் இராது, குடியிருப்பவரை வெளியேற்றும் பொறுப்பும் வாங்குபவர் தலையில் விழும். கட்டி முடிக்கப்படாத குடியிருப்பில் பணம் போடுவதும் அப்படித்தான்: தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் வாடகை வராமலே தவணை ஓடும்.

சொத்தைப் பார்க்கப் போகும்போது இருமுறை போங்கள். முடிந்தால் ஒருமுறை மழை பெய்த மறுநாள் போங்கள். சுவரில் ஒரு பகுதி மட்டும் புது வண்ணம் பூசப்பட்டிருந்தால், குறிப்பாகத் தரையிலிருந்து இடுப்பு உயரம் வரையிலோ கூரையின் மூலையிலோ அப்படி இருந்தால், அங்கே கையை வைத்துப் பாருங்கள். ஈரம் விரலுக்குத் தெரியும். எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு நீரின் வேகத்தைப் பாருங்கள். குளியலறைக்கு நேர் கீழே உள்ள கூரையில் வட்டமான கறை இருக்கிறதா என்று பாருங்கள். கதவுகள் சட்டத்தில் உரசினால் மரம் உப்பியிருக்கலாம், அடித்தளம் இறங்கியும் இருக்கலாம். எது என்று சொல்லக் கட்டடப் பொறியாளர் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். அவருக்குக் கொடுக்கும் கட்டணம் வீணாகாது, சொத்தை வேண்டாம் என்று விட்டு வந்தாலும்கூட. வாடகை எவ்வளவு வரும் என்று விற்பவரையும் தரகரையும் கேட்பதோடு நிற்காமல், அதே தெருவில் குடியிருக்கும் வாடகைதாரர்களிடம் அவர்கள் உண்மையில் கொடுப்பதைக் கேளுங்கள்.

உரிமை ஆவணங்களில் சிறிதும் சமரசம் கூடாது. 1858-இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் தொடங்கிய டொரன்ஸ் முறையைப் பின்பற்றும் இடங்களில், அரசுப் பதிவேட்டில் உள்ள பெயரே உரிமைக்குச் சான்று. வேறு பல இடங்களில் பதிவு என்பது ஒரு பத்திரம் எழுதப்பட்டதற்கான சான்று மட்டுமே. எழுதிக்கொடுத்தவருக்கு உண்மையில் உரிமை இருந்ததா என்பதற்கு அரசு உறுதி சொல்வதில்லை. உங்கள் நாட்டில் எந்த முறை நடப்பில் இருக்கிறது என்பதை அறிந்துகொள்ளுங்கள். இரண்டாவது வகை என்றால் மூலப்பத்திரம் தொடங்கி இன்றுவரை கைமாறிய ஒவ்வொரு பத்திரத்தையும், நிலுவையிலுள்ள அடமானத்தையும் வில்லங்கத்தையும் வழக்கையும், உங்கள் தரப்பு வழக்கறிஞரே பார்க்க வேண்டும். விற்பவரோ தரகரோ ஏற்பாடு செய்த வழக்கறிஞர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவர் உங்கள் தரப்பு ஆள் அல்லர்.

உங்கள் நிலைக்கு நான் சொல்வது இதுதான். இன்னும் ஓராண்டு அல்லது ஈராண்டு சேமிப்பைத் தொடருங்கள். அதன் பெரும்பகுதியை வங்கி வைப்பிலும், ஏற்ற இறக்கத்தைத் தாங்கக்கூடிய சிறு பகுதியை மட்டும் பட்டியலிடப்பட்ட ரீட்டுகளிலும் வையுங்கள். அதே காலத்தில் ஒரே ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து, அங்கே விற்பனைக்கு வரும் ஒவ்வொரு சொத்தின் கேட்கும் விலையையும், கடைசியில் விற்ற விலையையும், வாடகையையும் குறிப்பேட்டில் எழுதி வாருங்கள்; தரகர் சொல்லும் விலை நியாயமா என்று கேட்டவுடனே சொல்லும் அளவுக்கு அந்தப் பகுதி உங்களுக்குப் பழகிவிட வேண்டும். பிறகு, குடியிருக்கவும் வாடகைக்கு விடவும் ஏற்ற ஒரு சிறிய சொத்தை, கையிருப்பைத் தொடாமல் வாங்கக்கூடிய விலையில் தேடுங்கள். கடன் பேசும்போது வட்டி மாறக்கூடியதா நிலையானதா, முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள். மாறும் வட்டி 9-லிருந்து 10 ஆனால் மாதத் தவணை 7 விழுக்காடு கூடும், அதையும் கட்ட முடியுமா என்று பாருங்கள். இரண்டாவது சொத்தைப் பற்றி யோசிப்பது, முதல் சொத்து இரண்டு வாடகைதாரர்களையாவது கண்டு, ஒரு பெரிய பழுதுச் செலவையும் சந்தித்து, அதன்பின் கையிருப்பு மீண்டும் முழுமையாக நிரம்பிய பிறகு போதும்.